மந்தநிலைக் காலத்தில் அயல்நாட்டு வங்கிக் கடன்

மந்தநிலைக் காலத்தில் அயல்நாட்டு வங்கிக் கடன் என்பது, ஒரு நாட்டின் பொருளியல் சுருங்கும் காலத்தில், வேறு நாட்டவரின் உடைமையாக உள்ள வங்கிகள் அந்நாட்டில் வழங்கும் கடனை எவ்வாறு கூட்டுகின்றன அல்லது குறைக்கின்றன என்பதை ஆராயும் வங்கியியல் தலைப்பு ஆகும். நெருக்கடி வந்தவுடன் அயல்நாட்டு வங்கிகள் பணத்தைத் திரட்டிக்கொண்டு வெளியேறிவிடும் என்பது ஒரு கருத்து. உள்நாட்டு வங்கிகள் தளரும்போது, தாய்வங்கியின் பணத்தைக் கொண்டுவந்து கடன் வழங்கலைத் தாங்கிப் பிடிக்கும் என்பது மற்றொரு கருத்து. இரண்டுக்கும் சான்றுகள் உண்டு. நெருக்கடி எந்த நாட்டில் தொடங்கியது, வங்கி தன் பணத்தை எங்கே திரட்டியது, எதைப் பிணையாகக் கொண்டு கடன் கொடுத்தது ஆகிய மூன்றையும் பொறுத்தே விளைவு அமைகின்றது.

காவிரிப் படுகையின் கடலோரத்தில் உள்ள காரைக்கால் பகுதியின் வரலாற்றில் இந்தத் தலைப்பின் பல கூறுகளையும் காணலாம். 1739 இல் பிரெஞ்சுக்காரர் வசமான இப்பகுதி, இடையிடையே ஆங்கிலேயர் கைக்குச் சென்று திரும்பி, 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பிரெஞ்சிந்தியாவுக்குப் பணத்தாள் அச்சிட்டு வழங்கும் உரிமை, பாரிசு நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு தனியார் வங்கியிடம் இருந்தது. அதே காலத்தில், இந்தக் கடற்கரையிலிருந்தும் அண்மையிலுள்ள செட்டிநாட்டிலிருந்தும் சென்ற தமிழர்கள் சைகோன், இரங்கூன், கொழும்பு ஆகிய இடங்களில் தாமே அயல்நாட்டுக் கடன் வழங்குநர்களாக இருந்தனர்.

கடன் சுருங்கும் வழிகள்

அயல்நாட்டு வங்கி ஒன்று கிளையாகவோ துணை நிறுவனமாகவோ இயங்கலாம். கிளை என்பது தாய்வங்கியின் ஓர் உறுப்பே ஆகும்; அதற்குத் தனி முதல் இல்லை அல்லது பெயரளவிலேயே உண்டு. துணை நிறுவனம் கடன் வழங்கும் நாட்டின் சட்டப்படி பதிவாகி, தனி முதலும் தனி இயக்குநர் அவையும் கொண்டது. நல்ல காலத்தில் வாடிக்கையாளருக்கு இந்த வேறுபாடு தெரிவதில்லை. நெருக்கடியில் தெரியும். கிளையின் பணத்தைத் தலைமையகம் எளிதில் திரும்பப் பெறலாம். துணை நிறுவனத்தின் முதலை அவ்வாறு எடுக்க உள்நாட்டு ஒழுங்கமைப்பாளர் பொதுவாக இடங்கொடுப்பதில்லை.

அதிர்ச்சி தாய்நாட்டில் தோன்றினால், கடன் பெறுபவரின் நிலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் கடன் குறையக்கூடும். 1990 இல் தொடங்கிய சப்பானியப் பங்குச்சந்தை வீழ்ச்சிக்குப் பின்னர், ஐக்கிய அமெரிக்காவில் இயங்கிய சப்பானிய வங்கிகள் அங்கு வழங்கிவந்த நிலக் கட்டடக் கடனைக் குறைத்தன என்று பீக், ரோசன்கிரென் ஆகிய இரு பொருளியலாளர்கள் காட்டினர். கடன் பெற்ற அமெரிக்கர்களுக்கும் தோக்கியோ பங்குச்சந்தைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதனாலேயே இந்த ஆய்வு பெரிதும் மேற்கோள் காட்டப்படுகின்றது.

அதிர்ச்சி கடன் வழங்கும் நாட்டில் மட்டும் தோன்றினால், விளைவு நேர்மாறாக இருக்கலாம். டி ஹாஸ், வான் லெலிவெல்ட் ஆகியோர் நடு, கிழக்கு ஐரோப்பிய வங்கிகளை ஆராய்ந்து, உள்நாட்டு நெருக்கடிகளின்போது உள்நாட்டு வங்கிகள் கடனைக் குறைத்தன என்றும், அயல்நாட்டவர் புதிதாக நிறுவிய துணை வங்கிகள் அவ்வாறு குறைக்கவில்லை என்றும் கண்டனர். 2008 இன் உலக நெருக்கடியை ஆராய்ந்தபோது அவர்களே வேறு முடிவுக்கு வந்தனர். அப்போது தாய்வங்கிகளே தள்ளாடியதால், பன்னாட்டு வங்கிகளின் துணை நிறுவனங்கள் உள்நாட்டு வங்கிகளைவிடக் கூடுதலாகக் கடனைச் சுருக்கின. அதே நெருக்கடியில் இலத்தீன் அமெரிக்காவில் அயல்நாட்டு வங்கிகள் அவ்வளவாகப் பின்வாங்கவில்லை. அங்கு அவை உள்ளூர் மக்களின் வைப்புகளைக் கொண்டு கடன் கொடுத்தன. கிழக்கு ஐரோப்பாவிலோ தாய்வங்கியிடம் பெற்ற பணத்தைக் கொண்டு கொடுத்தன. இந்த ஒரு வேறுபாடு பெரும்பகுதியை விளக்கிவிடுகின்றது எனலாம்.

இந்தோசீன வங்கியும் பிரெஞ்சிந்தியாவும்

இந்தோசீன வங்கி 1875 சனவரியில் பாரிசு நகரில் அரசாணை ஒன்றின் மூலம் உருவாக்கப்பட்டது. பாரிசின் முன்னணி வங்கிகள் சில சேர்ந்து இதற்கு முதல் வழங்கின. சைகோன், புதுச்சேரி ஆகிய இரண்டுமே இதன் முதற் கிளைகள். அதனால், பெயரில் இந்தோசீனம் இருந்தபோதும் தொடக்கத்திலேயே இது பாதி தமிழ்நாட்டுக் கடற்கரையின் வங்கியாகவும் இருந்தது. இதன் பணத்தாள்கள் இந்தோசீனத்தில் பியாசுதர் நாணயத்திலும், பிரெஞ்சிந்தியாவில் உரூபாய் நாணயத்திலும் வெளியாயின. 1936 இல் வெளியான ஐம்பது உரூபாய்த் தாளில் துய்ப்பிளேயின் உருவம் இடம்பெற்றிருந்தது. காரைக்காலில் பிரித்தானிய இந்திய உரூபாயும் தாராளமாகப் புழங்கியது. சுற்றிலும் தஞ்சாவூர் மாவட்டம் சூழ்ந்திருக்கையில் வேறுவிதமாக இருந்திருக்க முடியாது.

வணிக உண்டியல்களை வாங்குவதும், ஏற்றுமதிச் சரக்கின் மீது குறுங்காலக் கடன் கொடுப்பதும் இவ்வகை வங்கிகளின் முதன்மைத் தொழிலாகும். மார்செயி துறைமுகத்துக்குச் சென்ற நிலக்கடலையும், பிரெஞ்சு ஆப்பிரிக்காவுக்குச் சென்ற நீலத்துணியும் புதுச்சேரி வணிகத்தின் உயிர்நாடியாக இருந்தன. கடைமடை நெல் விளையும் காரைக்காலில் உழவரின் கடன் தேவை வேறு தன்மையது. நடவுக்கும், மாட்டுக்கும், திருமணத்துக்கும் வேண்டிய பணத்தை உள்ளூர்ச் செல்வரிடமோ வட்டிக்கடையிலோதான் அவர் பெற்றார். எனவே அயல்நாட்டு வங்கி ஒன்று சுருங்கியபோது, அதன் தாக்கம் உழவரை நேரடியாக எட்டவில்லை. வணிகரும் இடைத்தரகரும் தம் கடனைத் திரும்பக் கேட்கும்போதுதான் எட்டியது. தமிழர் வாழ்ந்த பிற இடங்களிலும் இந்தச் சங்கிலியே காணப்படுகின்றது.

பெருமந்தம்

1929 இல் தொடங்கிய உலகப் பெருமந்தத்தில் வேளாண் பொருள்களின் விலை வீழ்ந்தது. நெல்லுக்கு ஏற்பட்ட வீழ்ச்சி தென்கிழக்காசியாவையும் காவிரிப் படுகையையும் ஒருங்கே தாக்கியது. இந்தோசீன வங்கியைப் பொறுத்தவரை, ஒரே வங்கியின் இரு கிளைகள் இரு வேறு நாணயங்களின் கீழ் இந்த மந்தத்தைச் சந்தித்தன என்பது நோக்கத்தக்கது.

அதுவரை வெள்ளியைச் சார்ந்திருந்த பியாசுதர், 1930 மே மாதத்தில் பத்து பிராங்குக்கு நிலைநிறுத்தப்பட்டது. பிராங்கு 1936 வரை தங்கத்தோடு பிணைந்திருந்தது. இந்திய உரூபாயோ பிரித்தானியப் பவுண்டோடு பிணைந்திருந்தது. பவுண்டு 1931 செப்டம்பரில் தங்கத்தை விட்டு விலகியபோது உரூபாயும் கூடவே இறங்கியது. இதனால் இரங்கூன் அரிசி மலிவாகவும் சைகோன் அரிசி உலகச் சந்தையில் விலை கூடியதாகவும் ஆயிற்று. அதை விற்க வேண்டுமானால் சைகோனில் நெல் விலை மேலும் இறங்கியாக வேண்டும், இறங்கவும் செய்தது. 1929 க்கும் 1934 க்கும் இடையில் அங்கு நெல் விலை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. கடன் பத்திரத்தில் எழுதிய தொகை மட்டும் குறையவில்லை.

பாரிசில் உள்ள பங்குதாரர்களுக்கும் செலாவணி நிலைத்தன்மைக்கும் ஏற்ற ஒரு நாணய ஏற்பாடு, கொச்சின்சீன நிலவுடைமையாளரையும் அவருக்குக் கடன் கொடுத்தவரையும் நசுக்கியது. ஏற்றுமதி நின்றதும் புதிய கடன் அருகியது. கடனில் மூழ்கிய தோட்டங்களும் நிறுவனங்களும் பல இந்தோசீன வங்கியின் பிடிக்குள் வந்தன. போட்டியாக வளர்ந்துவந்த ஒரு பெரும் பிரெஞ்சு நிதிக் குழுமமும் 1930களின் தொடக்கத்தில் அவ்வாறே அதன் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. மந்தநிலையில் அயல்நாட்டு வங்கி கடனைக் குறைத்துக்கொண்டே தன் உடைமையைப் பெருக்கிக்கொள்ள முடியும் என்பதற்கு இது தெளிவான சான்று.

சைகோனில் தேங்கிய அரிசியும் சயாம் அரிசியும் மலிவு விலையில் சென்னை மாகாணத்துக்கு வந்து சேர்ந்தன. பர்மா அரிசியின் வரத்து முன்பே இருந்தது. தஞ்சாவூர் மிராசுதார்கள் இறக்குமதிக்கு வரி விதிக்கக் கோரிக் குரல் எழுப்பினர். 1935 இல் இந்திய அரசு நொறுக்கரிசி மீது வரி விதித்தது. காரைக்கால் நெல்லின் விலையும் சுற்றியுள்ள மாவட்டத்தின் விலையிலிருந்து பெரிதும் விலகி நிற்க இயலாது. ஆனால் சென்னை மாகாண அரசு கடன்பட்ட உழவருக்காக 1936 இலும் 1938 இலும் இயற்றிய சட்டங்கள் பிரெஞ்சு எல்லைக்குள் செல்லுபடியாகவில்லை.

கடன் கொடுத்த தமிழர்

காரைக்கால், புதுச்சேரி ஆகிய இடங்களிலிருந்து சைகோன் சென்றோரில் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற அலுவலர்களும், துணி வணிகம் செய்த தமிழ் முசுலிம்களும் கணிசமானோர். வட்டித் தொழிலில் இருந்தோர் பெரும்பாலும் பிரித்தானியக் குடிகளான நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். அவர்கள் தம் சொந்த முதலோடு, சைகோனில் இருந்த ஐரோப்பிய வங்கிகளிடம் பெற்ற பணத்தையும் சேர்த்து நிலவுடைமையாளருக்குக் கடன் கொடுத்தனர். ஐரோப்பிய வங்கி அறியாத கடனாளியைச் செட்டியார் அறிந்திருந்தார். மந்தம் வந்து நிலுவை பெருகியபோது கடனாளிகளின் சினம் முழுதும் கண்ணெதிரே இருந்த வட்டிக்கடை மீதே திரும்பியது. பிரெஞ்சு ஆட்சியாளர் 1930களின் தொடக்கத்தில் செட்டியார்கள் சிலரை நாடுகடத்தினர்.

பர்மாவில் இது இன்னும் பெரிய அளவில் நிகழ்ந்தது. 1929-30 இன் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அங்கு செட்டியார்கள் வழங்கியிருந்த கடனை ஏறத்தாழ 75 கோடி உரூபாய் என மதிப்பிட்டது. இதில் பெரும்பகுதி அவர்களது சொந்த முதலும் தமிழ்நாட்டில் திரட்டிய வைப்புகளும் ஆகும். நெல் விலை பாதிக்கும் கீழே போனதும் வட்டியும் வரவில்லை, முதலும் வரவில்லை. பிணையாக இருந்த நிலம் கடன் கொடுத்தவர் பெயருக்கு மாறியது. கீழ்ப் பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில் 1930 இல் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலவுடைமை, 1937 அளவில் 25 விழுக்காடாக உயர்ந்தது. செட்டியார்கள் நிலத்தை விரும்பி எடுத்தனர் என்று கூறுவது பொருந்தாது. அவர்களது தொழிலுக்கு வேண்டியது சுழலும் பணமே. வாங்குவாரற்ற நிலம் அவர்கள் முதலை முடக்கியது. புதிய கடன் கொடுக்கப் பணமும் இல்லை, துணிவும் இல்லை. 1942 இல் சப்பானியப் படையெடுப்பின்போது பலர் நடந்தும் கப்பலேறியும் ஊர் திரும்பினர். 1948 இன் பர்மா நில நாட்டுடைமைச் சட்டம் எஞ்சியிருந்த உரிமையையும் நீக்கியது.

இலங்கையில் இந்தச் சங்கிலி முன்னதாகவே அறுந்தது. கொழும்பில் இயங்கிய பிரித்தானிய வங்கிகள் இலங்கையருக்கு நேரடியாகக் கடன் கொடுப்பது அரிது. செட்டியார்களுக்குக் கொடுத்தன, அவர்கள் உள்ளூர் வணிகருக்கும் தோட்ட உரிமையாளருக்கும் கொடுத்தனர். 1925 இல் செட்டியார் நிறுவனம் ஒன்று நொடித்தபின் வங்கிகள் இந்தக் கடனை வெட்டின. பெருமந்தம் வந்தபோது இலங்கையர் பலருக்கு எந்தப் பக்கமும் கடன் கிடைக்கவில்லை. இக்குறையை ஆராய்ந்த 1934 இன் இலங்கை வங்கி ஆணைக்குழு, அரச உதவியுடன் ஒரு வங்கி அமைக்கப் பரிந்துரைத்தது. 1939 ஆகத்து மாதத்தில் இலங்கை வங்கி திறக்கப்பட்டது.

சென்னையிலும் இதையொத்த ஒரு தோற்றக் கதை உண்டு. 1906 அக்டோபரில் ஆர்பத்னாட் நிறுவனம் முறிந்தபோது, அதற்கு முதன்மையான காரணம் சென்னையில் ஏற்பட்ட மந்தம் அன்று. இலண்டனில் இருந்த அதன் கூட்டாளி நிறுவனத்தின் ஊக வணிக இழப்பே சென்னையில் வைப்பு வைத்திருந்தோரின் பணத்தையும் இழுத்துச் சென்றது. அதன் பின்விளைவாக வி. கிருட்டிணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907 இல் இந்தியன் வங்கி தோன்றியது. அந்த வங்கியே பிற்காலத்தில் காரைக்கால் மாவட்டத்தின் முன்னோடி வங்கியாக அமைந்தது.

நாட்டுடைமைக்குப் பின்

1954 நவம்பர் 1 அன்று காரைக்கால் உள்ளிட்ட பிரெஞ்சுப் பகுதிகளின் நிருவாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான மாற்றம் 1962 இல் நிறைவேறியது. இந்தோசீன வங்கியின் உரூபாய்த் தாள்கள் வழக்கொழிந்தன. வங்கி 1975 இல் சூயெசு வங்கியோடு இணைந்து இந்தோசூயெசு எனப் பெயர் பெற்று, 1996 இல் மற்றொரு பிரெஞ்சு வங்கியின் உடைமையாயிற்று.

1969 இல் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்டபோது அயல்நாட்டு வங்கிகள் விலக்கப்பட்டன. முன்னுரிமைத் துறைக் கடன் விதிகளும் அவற்றுக்கு நெடுங்காலம் தளர்வாகவே இருந்தன. உள்நாட்டு வங்கிகள் தம் கடனில் 40 விழுக்காட்டை முன்னுரிமைத் துறைக்கும், அதனுள் 18 விழுக்காட்டை வேளாண்மைக்கும் ஒதுக்க வேண்டியிருந்தது. அயல்நாட்டு வங்கிகளுக்கு 32 விழுக்காடு போதும். ஏற்றுமதிக் கடனும் அதில் சேரும். வேளாண்மைக்குத் தனி இலக்கு இல்லை. ஆகவே அவை பெருநகரங்களிலேயே தங்கின.

2008-09 இல் இந்தியாவில் ஏற்பட்டது மந்தநிலை அன்று, வளர்ச்சிக் குறைவே. ஆயினும் அவ்வாண்டின் கடன் கணக்கு இத்தலைப்பில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றது. இந்திய ரிசர்வ் வங்கியின் கணக்குப்படி, அயல்நாட்டு வங்கிகளின் கடன் வளர்ச்சி முந்தைய ஆண்டின் 28.5 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாகச் சரிந்தது. தனியார் வங்கிகளில் 19.9 இலிருந்து 10.9 ஆகவும், பொதுத்துறை வங்கிகளில் 22.5 இலிருந்து 20.4 ஆகவும் இறங்கியது. வைப்பு வைத்திருந்தோர் தம் பணத்தைப் பொதுத்துறை வங்கிகளுக்கு மாற்றியதும் அரசின் தூண்டுதலும் இவ்வேறுபாட்டுக்குக் காரணங்கள். அப்போது முந்திக்கொண்டு வழங்கிய கடனில் ஒரு பகுதி பின்னாளில் பொதுத்துறை வங்கிகளின் வராக்கடனாகக் குவிந்தது என்பதையும் சேர்த்தே இவ்வெண்களைப் படிக்க வேண்டும். காரைக்கால் போன்ற படுகைப் பகுதிகளில் அயல்நாட்டு வங்கிகளின் சுருக்கம் நேரடியாகப் புலப்படவில்லை. அங்கு வயலுக்குக் கடன் கொடுத்தவை கூட்டுறவுச் சங்கங்களும் பொதுத்துறை வங்கிகளுமே.

ஐரோப்பாவில் அதே நேரத்தில் வேறு வழி தேடப்பட்டது. 2009 சனவரியில் தொடங்கிய வியன்னா முன்முயற்சியின் கீழ், மேற்கு ஐரோப்பியத் தாய்வங்கிகள் அங்கேரி, உருமேனியா, செர்பியா, இலாத்வியா முதலிய நாடுகளிலிருந்து பணத்தைத் திரும்ப எடுப்பதில்லை எனப் பன்னாட்டு நிறுவனங்களின் முன்னிலையில் உறுதியளித்தன.

2020: இலட்சுமி விலாசு வங்கி

2008 இன் பட்டறிவுக்குப் பின், அயல்நாட்டு வங்கிகள் கிளைகளாக இயங்குவதைவிட முழு உடைமைத் துணை நிறுவனங்களாக இயங்குவதை ரிசர்வ் வங்கி விரும்பியது. 2013 நவம்பரில் அதற்கான நெறிமுறையை வெளியிட்டது. அவ்வாறு மாறும் வங்கிக்குக் கிளை திறப்பதில் உள்நாட்டு வங்கிக்கு நிகரான உரிமையும், முன்னுரிமைத் துறைக் கடனில் நிகரான கடமையும் உண்டு. சிங்கப்பூரின் டி.பி.எசு. வங்கி 2019 மார்ச்சில் இவ்வாறு மாறியது.

2020 இல் கொரோனாப் பெருந்தொற்றின் முடக்கத்தால் இந்தியப் பொருளியல் ஏப்ரல்-சூன் காலாண்டில் ஏறத்தாழ 24 விழுக்காடு சுருங்கியது. அடுத்த காலாண்டிலும் சுருங்கியதால் மந்தநிலை என்னும் வரைவிலக்கணம் நிறைவேறியது. 1926 இல் கரூரில் தோன்றிய இலட்சுமி விலாசு வங்கி அதற்கு முன்பே நலிந்திருந்தது. பெருநிறுவனங்களுக்குக் கொடுத்த கடன்கள் திரும்பாமையால், அதன் மொத்தக் கடனில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வராக்கடனாகிவிட்டது. 2020 நவம்பர் 17 அன்று ரிசர்வ் வங்கியின் பரிந்துரையின்பேரில் நடுவண் அரசு அதன் செயற்பாட்டை முடக்கியது. வைப்பு வைத்திருந்தோர் 25,000 உரூபாய்க்கு மேல் எடுக்க இயலவில்லை. பத்தே நாள்களில், நவம்பர் 27 அன்று, அது டி.பி.எசு. வங்கியின் இந்தியத் துணை நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. டி.பி.எசு. 2,500 கோடி உரூபாய் முதல் கொண்டுவந்தது. வைப்புகள் முழுமையாகக் காக்கப்பட்டன. பங்குதாரர்களின் முதல் முற்றிலும் நீக்கப்பட்டது. இரண்டாம் அடுக்குக் கடன் பத்திரங்களில் போட்டிருந்த 318 கோடி உரூபாயும் தள்ளுபடியானது. இது நயமற்ற முறை என்று பங்குதாரர் பலர் நீதிமன்றங்களை நாடினர்.

அதுவரை இந்தியாவில் நாற்பதுக்கும் குறைவான கிளைகளே கொண்டிருந்த டி.பி.எசு., ஒரே நாளில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட கிளைகளைப் பெற்றது. அவற்றில் பெரும்பகுதி தமிழ்நாட்டில், காவிரிப் படுகை நகரங்கள் உட்பட, இருந்தன. இதன் மூலம் படுகையின் நகைக்கடன் வாடிக்கையாளர்கள் பலர் சிங்கப்பூர் உடைமையிலான வங்கியின் கடனாளிகள் ஆயினர். நகைக்கடன் மந்தநிலையில் வங்கிகள் குறைக்கத் தயங்கும் கடன் வகையாகும். பிணை வங்கியின் பெட்டகத்திலேயே இருக்கின்றது, 2020 இல் தங்கத்தின் விலையும் ஏறியிருந்தது. அவ்வாண்டு ஆகத்து மாதத்தில், நகை மதிப்பில் 75 விழுக்காடாக இருந்த கடன் வரம்பை ரிசர்வ் வங்கி 2021 மார்ச் இறுதி வரை 90 விழுக்காடாக உயர்த்தியிருந்தது. நகையற்ற குத்தகை உழவருக்கு இந்த வழி திறக்கவில்லை. அவருக்குக் கூட்டுறவுச் சங்கமும் உள்ளூர் வட்டிக்காரருமே எஞ்சினர்.